உயிரோடு வந்து சாகவும்

ஒரு மனிதன் பிறந்ததிலிருந்து சாகும் வரை இழுத்து விடுகிற சுத்தமான மூச்சின் விலை எண்பதாயிரம். இந்த விலையை வைத்தது கடவுள் அல்ல, போக்குவரத்துத் துறை. பழைய காரை அரசு மையத்தில் அழிக்கக் கொடுத்துவிட்டுப் புதுக் கார் வாங்குகிற ஒவ்வொருவரும் ஊருக்கு ஓர் ஆயுள் அளவு மூச்சை மிச்சம் பிடித்துக் கொடுக்கிறார் என்று கணக்குப் போட்டு, அந்தத் தொகையை ஊக்கத்தொகையாகத் தருவதாக அறிவித்தார்கள். கடை கண்ணியில் வளர்ந்த யாருக்கும் இதைக் கேட்டதும் ஒரு சந்தேகம் வந்திருக்கும். மூச்சை விற்பவன் யார், வாங்குபவன் யார், நடுவில் தரகு யாருக்கு? ஆனால் அறிவிப்பின் அடியில் ‘பேரம் பேசுதல் கூடாது’ என்று போட்டிருந்ததால் யாரும் வாயைத் திறக்கவில்லை.

முட்டைக்காரரும் திறக்கவில்லை. விடியும் முன் மொத்தச் சந்தைக்குப் போய், அட்டை அட்டையாக முட்டை எடுத்து, பின் சீட்டைக் கழற்றி எறிந்துவிட்ட தன் பழைய காரில் அடுக்கி, முப்பது சொச்சம் பேக்கரிகளுக்கும் சாப்பாட்டுக் கடைகளுக்கும் அடுப்புப் பற்றவைக்கும் முன் போட்டுவிட வேண்டும். அதுதான் அவர் பிழைப்பு. ஒரு நாள் தவறினால் கடைக்காரர்கள் திட்டுவார்கள். மறுநாளும் தவறினால் உடம்புக்கு என்ன என்று விசாரிப்பார்கள். அதற்கு மேல் தவறினால் விசாரிக்கவும் மாட்டார்கள். வேன் வைத்திருக்கும் இன்னொருவன் போட ஆரம்பித்திருப்பான். அந்த வேன்காரன் ஏற்கெனவே எல்லாக் கடை வாசலிலும் சிரித்துக்கொண்டு நிற்கிறான் என்பது முட்டைக்காரருக்குத் தெரியும்.

ஆகவே ஊக்கத்தொகை அவரை இழுக்கவில்லை. அறிவிப்பின் இரண்டாம் பக்கம்தான் இழுத்தது. வருகிற முதல் தேதியிலிருந்து பழைய வண்டி எதுவும் மொத்தச் சந்தைக்குள் நுழையக் கூடாது. விருப்பமுள்ளவர்கள் மட்டும் திட்டத்தில் சேரலாம். சேராதவர்கள் சந்தைக்கு வெளியே நிற்கலாம். இதற்குத் தன்னார்வத் திட்டம் என்று பெயர்.

அவர் மனைவியின் தம்பி புதுக் கார் விற்கும் காட்சியறையில் வேலை பார்த்தான். அறிவிப்பு வந்த அன்று சாயங்காலமே கழுத்தில் டையோடு வீட்டுக்கு வந்துவிட்டான்.

“மாமா, அரசாங்கமே காசு கொடுத்துக் கூப்பிடுது. இப்படி ஒரு சான்ஸ் இனிமே வருமா?”

மனைவி அடுப்படியிலிருந்து கேட்டாள். “போன மாசம் அந்த வண்டி என்ன விலைடா?”

“போன மாசத்து விலையை ஏன்க்கா இப்ப பேசுற?”

“பேசுறேன். சொல்லு.”

“ஏழு லட்சத்துப் பத்தாயிரம்.”

“இப்ப?”

“எட்டு.”

“தொண்ணூறு ஏத்திட்டு எண்பது குடுக்குறீங்களா?”

“அக்கா, அந்தத் தொண்ணூறு விலையேற்றம். இந்த எண்பது ஊக்கம். ரெண்டும் வேற வேற துறை. ரெண்டையும் சேர்த்து வெச்சுப் பார்த்தா குழப்பம்தான் வரும்.”

சேர்த்து வைத்துப் பார்க்காமலே முட்டைக்காரர் வீட்டிலிருந்த சேமிப்பு முழுவதையும் முன்பணமாகக் கட்டினார். மீதிக்குக் கடன் எழுதினார்கள். பழைய வண்டி செத்ததற்கான சான்றிதழ் வந்தால் கூப்பன், கூப்பன் வந்தால் சாவி. தவணைக்கு மட்டும் எதுவும் வர வேண்டியதில்லை. அது தானாக வந்துவிடும்.

மூன்றாம் பக்கத்தில் இன்னொரு விதி இருந்தது. ‘வாகனம் தன் சொந்த ஓட்டத்தில் மையத்துக்குள் வந்து சேர வேண்டும். இழுத்தோ தள்ளியோ ஏற்றியோ கொண்டு வரப்படும் வாகனங்கள் ஏற்கப்பட மாட்டா.’ ஏற்கெனவே செத்த வண்டியால் காற்றுக்குக் கேடில்லை, கேடில்லாத வண்டியைக் கொல்வதற்கு அரசு ஏன் காசு கொடுக்க வேண்டும் என்பது இதன் நியாயம். முட்டைக்காரரின் வண்டியோ மேடு ஏறும்போது இருமிக்கொண்டிருந்தது. மெக்கானிக்கிடம் கொண்டுபோனார்.

மெக்கானிக் மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டான். “போக மட்டுமாண்ணே, போய்ட்டு வரணுமா?”

“போக மட்டும்தான் தம்பி. அந்த மையத்து வாசலைத் தாண்டி உள்ள போய் நின்னாப் போதும்.”

“அப்ப மூவாயிரம்.”

“போய்ட்டு வர்றதுன்னா?”

“அதுவும் மூவாயிரம்தான்.”

“பின்ன எதுக்குய்யா கேட்ட?”

“கஸ்டமருக்கு ரெண்டு வழி சொல்லணும்ணே. அப்பதான் அவரே தேர்ந்தெடுத்த மாதிரி இருக்கும்.”

“ஆயிரத்து ஐந்நூறு.”

“சாகப் போற வண்டிக்கே பேரமா? ரெண்டாயிரத்து எண்ணூறு.”

“சாகப் போறதுனாலதான் பேசுறேன். ரெண்டாயிரம்.”

இரண்டாயிரத்து இருநூறில் முடிந்தது. கை குலுக்கியும் ஆயிற்று. ஆனால் முட்டைக்காரர் நகரவில்லை. பேரம் படிந்த பிறகு ஒன்றும் வாங்காமல் வீட்டுக்குப் போய் அவருக்குப் பழக்கமில்லை. பத்து அட்டை எடுத்தால் கையில் இரண்டு முட்டை, துணி எடுத்தால் ஒரு பை, செருப்பு வாங்கினால் ஒரு ஜோடிக் கயிறு என்று வாழ்ந்த மனிதர்.

“கொசுறா ஒண்ணு பண்ணு தம்பி. எஞ்ஜின் ஆயிலையும் மாத்திவிடு.”

“எதுக்குண்ணே? நாளைக்கு அதைக் கொன்னுடப் போறாங்க.”

“அது அவங்க வேலை. கொசுறு என் உரிமை.”

மெக்கானிக் அலமாரியைத் துழாவினான். கார் ஆயில் தீர்ந்து போயிருந்தது. லாரிக்குப் போடுகிற கெட்டியான ஆயில் ஒரு டப்பா மிச்சமிருந்தது. “எப்படியும் நாளைக்கு வரைக்கும்தானே” என்று முழுவதையும் ஊற்றிவிட்டான். அடுத்த நாள் காலை அந்த வண்டி மேடுகளில் இருமுவதை நிறுத்தியிருந்தது.

மையத்தின் பெயர் ‘வாகன ஓய்வு மற்றும் நன்றியறிதல் மையம்’. உடைப்பது, நசுக்குவது, பழைய இரும்பு ஆகிய சொற்கள் வளாகத்துக்குள் தடை செய்யப்பட்டிருந்தன. வாசலில் ஒரு சரிவு, சரிவின் உச்சியில் ஒரு மஞ்சள் கோடு. கோட்டைச் சொந்த ஓட்டத்தில் தாண்டினால் உள்ளே. முட்டைக்காரரின் வண்டி ஒரே மூச்சில் ஏறித் தாண்டியது. காவலாளி, “இதையா கொல்லக் கொண்டு வந்தீங்க?” என்று கேட்டுவிட்டு, அப்படிக் கேட்டதற்காகச் சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டான்.

முதல் சன்னலில் வண்டியின் பதிவை ரத்து செய்து, ‘ஓய்வு பெற்றது’ என்று முத்திரை குத்தி, முன்னும் பின்னும் நம்பர் பலகையைக் கழற்றி எடுத்துக்கொண்டார்கள்.

“வண்டி செத்தப்புறம் செய்ய வேண்டியது இல்லீங்களா?” என்றார் முட்டைக்காரர்.

“அப்படித்தான் இருந்துச்சு. இந்தச் சன்னல் மதியத்தோட மூடிடும். கொல்ற ஷெட் மதியம்தான் திறக்கும். அதனால வரிசையை மாத்திட்டோம். மக்கள் வசதிக்காக.”

இரண்டாவதாக நன்றியறிதல் அறை. குளிரூட்டிய அறையில் வண்டிக்காரர்களை உட்கார வைத்து, மையத் தலைவர் பேசினார். கோட்டு போட்ட, மென்மையான குரல் கொண்ட மனிதர்.

“நண்பர்களே, இன்று நீங்கள் இழப்பது ஒரு வண்டியை அல்ல, ஒரு குற்ற உணர்வை. உங்கள் பழைய வாகனம் இத்தனை வருடம் காற்றைக் கெடுத்தது. அது உங்களுக்குத் தெரியாது. தெரியாமல் இருந்ததால் நிம்மதியாக இருந்தீர்கள். இப்போது நாங்கள் தெரிவித்துவிட்டோம். நிம்மதி வேண்டுமென்றால் புது வண்டி வாங்கியே ஆக வேண்டும். இந்த அழகான கட்டடத்தைப் பாருங்கள். இதைப் புதுக் கார் தயாரிக்கும் நிறுவனங்கள் இலவசமாகக் கட்டிக் கொடுத்தன. காற்றின் மேல் அவர்களுக்கு எவ்வளவு அக்கறை இருந்தால் இப்படிச் செய்திருப்பார்கள்!”

கைதட்டினார்கள். வண்டியின் புகைப்படம் ஒட்டிய நன்றிப் பத்திரம் ஒன்று தந்தார்கள். அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டதற்காக ஊக்கத்தொகையில் நூற்றைம்பது பிடித்துக்கொள்ளப்படும் என்றார்கள்.

மூன்றாவது, ஷெட். அங்கே இருந்த ஆளின் வேலை, எஞ்ஜினுக்குள் ஒரு கரைசலை ஊற்றி ஓடவிட்டு, அது இறுகி நின்றதும் நின்ற நேரத்தைக் குறிப்பது. சாவை உறுதி செய்பவர் என்பதால் அவரை எல்லோரும் ‘டாக்டர்’ என்று கூப்பிட்டார்கள். முறைப்படி முதலில் ஆயிலை வடிக்க வேண்டும். வடிக்கும் வேலைக்கு இன்னும் ஒப்பந்தம் முடிவாகாததால், டாக்டர் ஆயிலோடு சேர்த்தே ஊற்றிக்கொண்டிருந்தார். அங்கே வருகிற வண்டிகள் பாதி உயிரில்தான் வரும் என்பதால் இதுவரை எதுவும் ஆட்சேபித்ததில்லை.

“ஏழு நிமிஷம்” என்று டாக்டர் சாவியைத் திருகினார். “அதுக்குள்ள அடங்கிடும். வேணும்னா அந்தப் பக்கம் திரும்பிக்கோங்க. சில பேரு அழுவாங்க.”

முட்டைக்காரர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஏழு நிமிடம் ஆயிற்று. வண்டி ஓடியது. டாக்டர் கைக்கடிகாரத்தைத் தட்டிப் பார்த்தார். இன்னொரு ஏழு நிமிடம். டாக்டர் டிபன் பெட்டியைத் திறந்து சாப்பிட்டு முடித்து, கை கழுவி, பல்லைக் குத்திக்கொண்டே வந்தார். வண்டி ஓடிக்கொண்டிருந்தது. முன்பைவிடக் கொஞ்சம் அமைதியாகவே ஓடியது.

“இதுல என்ன பண்ணினீங்க?”

“ஒண்ணும் பண்ணலீங்க. ஆயில் மட்டும் மாத்தினேன்.”

“சாகப் போற வண்டிக்கா?”

“கொசுறுங்க.”

டாக்டர் அலமாரியைத் திறந்தார். ஒரு வண்டிக்கு இரண்டு பாட்டில்தான் அனுமதி. இரண்டாவதையும் ஊற்றினார். கீழே சிந்திய துளியை முட்டைக்காரர் விரலால் தொட்டு முகர்ந்தார். வியாபாரியின் மூக்கு.

“டாக்டர், இது சட்டைக்குப் போடுற கஞ்சி மாதிரி வாசம் வருதே.”

டாக்டர் குரலைத் தாழ்த்தினார். “ரொம்பக் குறைஞ்ச விலை கேட்டவருக்குத்தான் சப்ளை கொடுத்திருக்கு. எந்த விலைக்கு எது வருமோ அதுதான் வரும். ஆனா அதை நீங்க சொல்லக் கூடாது. நான் கேட்கவும் கூடாது.”

மாலையில் எஞ்ஜினை அணைத்தார்கள். அணைத்ததும் நின்றது, மறுபடி சாவி போட்டதும் கிளம்பியது. படிவத்தில் ‘இறந்த நேரம்’ என்று ஒரு கட்டம் இருந்தது. ‘இறக்கவில்லை’ என்பதற்குக் கட்டம் இல்லை. டாக்டர் ஓரத்தில் ‘வாகனம் ஒத்துழைக்கவில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு முட்டைக்காரர், மாலை வரை திறந்திருக்கும் கூப்பன் சன்னலுக்குப் போனார்.

“சாகாத வண்டிக்கு ஊக்கத்தொகை கிடையாது” என்றது சன்னல்.

“சரிங்க. வண்டியை எடுத்துட்டுப் போயிடுறேன்.”

“ஓய்வு பெற்ற வண்டி ரோட்டுக்குப் போக முடியாது.”

“அப்ப ஓய்வை ரத்து பண்ணிக் கொடுங்க.”

“பண்ணலாம். தவறுதலாகச் செத்த வண்டிக்கு உயிர்ப்புச் சான்றிதழ்னு ஒண்ணு இருக்கு. அதுக்கு முதல்ல இறப்புச் சான்றிதழ் வேணும்.”

“சாகலையே.”

“அதான் கஷ்டம்.”

முட்டைக்காரர் யோசித்தார். “சரி, வண்டி இங்கயே கெடக்கட்டும். நான் மட்டும் வீட்டுக்குப் போறேன்.”

“நம்பர் இல்லாத வண்டிக்கு நீங்கதாங்க அடையாளம். நீங்க வெளிய போயிட்டா அது கேட்பாரற்ற பொருள். அரசு வளாகத்துல கேட்பாரற்ற பொருளைப் போட்டுட்டுப் போனா அபராதம்.”

“எவ்வளவு?”

“எண்பதாயிரம்.”

சன்னலை மூடினார்கள். கழிப்பறைக்குப் போய் வர ஒரு அட்டையைக் கழுத்தில் மாட்டிவிட்டார்கள். அதில் ‘வாகனத்தின் அடையாளம்’ என்று எழுதியிருந்தது.

அடுத்த நாள் மனைவி கம்பி வேலிக்கு வெளியே சாப்பாட்டுப் பாத்திரத்தோடு வந்து நின்றாள். பாத்திரம் கம்பிக்குள் நுழையவில்லை. மூடியில் வைத்து மூடி மூடியாக நீட்டினாள்.

“ஏங்க, ஒரு வண்டியைக் கொன்னு குடுத்துட்டு வரத் தெரியலையா உங்களுக்கு?”

“அது சாகலைன்னா நான் என்ன பண்றது?”

“சாகப் போறதுக்கு யாராவது கொசுறு கேட்டு ஆயில் மாத்துவாங்களா? எமனைக் கூப்பிட்டு உக்கார வெச்சு, பக்கத்துல வைத்தியரையும் உக்கார வெச்ச மாதிரி!”

முட்டைக்காரர் மூடியை வழித்துச் சாப்பிட்டார். அவள் வாடகைக்கு ஒரு மூன்று சக்கர வண்டி பிடித்து அன்றைக்குப் பாதிக் கடைகளுக்குப் போட்டிருந்தாள். வாடகை போகக் கையில் நின்றது உடைந்த முட்டைகள்தான். மீதிப் பாதிக் கடைகளில் வேன் நின்றிருந்தது.

“பேக்கரிக்காரர் என்ன சொன்னாரு?”

“உடம்புக்கு என்னன்னு விசாரிச்சாரு” என்றாள் அவள். அவர் கை சாப்பாட்டில் நின்றது.

மச்சினன் வந்தான். கழுத்தில் டை அப்படியே இருந்தது. “மாமா, உங்க வண்டி ரெடி. கண்ணாடிக்குள்ள நிக்குது. என்னா அழகு தெரியுமா? கூப்பன் வந்தா சாவி.”

“கூப்பன் வரலைன்னா?”

“சாவி வராது. தவணை வரும். அப்புறம், எடுக்காத வண்டி எங்க இடத்துல நிக்கிறதுக்கு ஒரு சின்ன வாடகை.”

“உன் அக்கா புருஷன்கிட்டயாடா வாடகை கேக்குற?”

“அதனாலதான் மாமா நானே நேர்ல வந்து சொல்றேன். மத்தவங்களுக்கு லெட்டர்தான்.”

ரத்து செய்தால் முன்பணம் போய்விடும் என்பதையும் நேரிலேயே சொல்லிவிட்டுப் போனான்.

முட்டைக்காரர் முன் சீட்டைச் சாய்த்துப் படுக்கையாக்கினார். சட்டையைக் கண்ணாடியில் காயப் போட்டார். நாள் முழுக்க வேலியோரம் நின்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்ததில், மற்றவர்கள் பாடு என்ன என்பதும் தெரிந்தது. ஊரிலிருந்த பழைய வண்டியெல்லாம் சரிவு வரைக்கும் வரும். சரிவில் பாதியில் உயிரை விட்டுவிடும். மஞ்சள் கோட்டுக்கு இருபதடி கீழே, வண்டிக்காரர் ஸ்டியரிங்கில் தலையை முட்டிக்கொள்வார். கோட்டைத் தாண்டாமல் செத்ததால் கூப்பன் இல்லை. செத்துவிட்டதால் திருப்பி ஓட்டிப் போகவும் வழியில்லை. இப்படிச் சரிவு முழுக்க வண்டிகள் அடைந்து, உள்ளே வர வேண்டியவர்களுக்கும் பாதை இல்லாமல் போயிற்று. மையத்துக்கு மாதத்துக்கு இத்தனை என்று இலக்கு இருந்தது. அதுவரை ஒரு டஜன்தான் தேறியிருந்தது.

மையத்துக்கென்று ஓர் இழுவை வண்டி இருந்தது உண்மை. ஆனால் அதுவும் பழையது. திறப்பு விழாவன்று ஊருக்கு முன்மாதிரியாக முதலில் அதற்குத்தான் ஓய்வு கொடுத்து, பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

ஒரு நாள் தலைவரே முட்டைக்காரரைத் தேடி வந்தார். வண்டியின் மேல் கையை வைத்துத் தடவினார்.

“இது இன்னும் ஓடுதுல்ல?”

“ஓடுதுங்க.”

“கயிறு கட்டினா இழுக்குமா?”

“இழுக்கும். ஆனா இழுத்துக் கொண்டு வரக் கூடாதுன்னு விதி இருக்குங்களே ஐயா.”

தலைவர் புன்னகைத்தார். “இன்னொரு வாகனம் இழுக்கக் கூடாதுன்னுதான் இருக்கு. உங்களோடது, பதிவுப்படி, வாகனமே இல்ல. ஓய்வு பெற்றாச்சு. வாகனம் இல்லாத ஒண்ணு இழுத்தா, அது இழுத்ததா ஆகாது. அந்த வண்டி தானா வந்ததாத்தான் அர்த்தம்.”

முட்டைக்காரருக்குத் தலை சுற்றியது. ஆனாலும் சும்மா படுத்திருப்பதற்கு இது மேல் என்று தோன்றியது. வேலை செய்து கொடுத்தால் மனமிரங்கி விட்டுவிடுவார்கள் என்ற நப்பாசையும் இருந்தது. கயிறு கட்டினார்.

அதன் பிறகு மையம் களைகட்டியது. சரிவில் நின்ற வண்டிகளை ஒவ்வொன்றாகக் கோட்டுக்கு இந்தப் பக்கம் இழுத்துப் போட்டார். வண்டிக்காரர்கள் சன்னலைக் கீழே இறக்கி அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். கோட்டுக்குள் வந்த வண்டிகளுக்கு டாக்டர் கஞ்சியைக் காட்டியதோடு சரி, அவை அடங்கின. சில வண்டிகள் பாட்டிலைப் பார்த்தே அடங்கிவிட்டன என்று டாக்டர் பெருமையாகச் சொல்லிக்கொண்டார். செய்தி பரவி, அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்தும் செத்த வண்டிகளைச் சரிவின் அடிவாரம் வரை லாரியில் கொண்டுவந்து இறக்கினார்கள். வரிசை தெருமுனை தாண்டிப் போயிற்று.

அதே வேகத்தில் அவருடைய பிழைப்பு கரைந்தது. மனைவி வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நிற்கும்போதெல்லாம் ஒரு கடை குறைந்தது. இழுக்க ஆரம்பித்த அன்றுதான் முதல் தேதி. அன்றோடு வாடகை மூன்று சக்கர வண்டிக்கும் சந்தைக் கதவு சாத்தப்பட்டது, அதுவும் பழையதுதான்.

மாதக் கடைசியில் விழா வைத்தார்கள். அதிக வாகனங்களுக்கு ஓய்வளித்த மையம் என்று விருது. தலைநகரத்திலிருந்து வந்தவர்கள் முன் வரிசையில் உட்கார்ந்தார்கள். முட்டைக்காரர் பின்னால் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு நின்று கேட்டார்.

“சென்ற மாதம் பன்னிரண்டு, இந்த மாதம் இருநூறு” என்றார் தலைவர். “இந்த வளர்ச்சிக்குக் காரணம் மக்களின் விழிப்புணர்வு. காற்று சுத்தமாகிவிட்டதா என்று சிலர் கேட்கிறார்கள். காற்றை அளப்பது வேறு அலுவலகம். அவர்களுக்குக் கருவி இன்னும் வரவில்லை. ஆகவே சுத்தமாகவில்லை என்று யாராலும் நிரூபிக்க முடியாது. ஓடாத வண்டிகளைத்தானே கொல்கிறீர்கள் என்றும் சிலர் குறை சொல்கிறார்கள். ஓடாத இருநூறு வண்டிகள் இருந்த இடத்தில் இன்று ஓடுகிற இருநூறு புது வண்டிகள் இருக்கின்றன. தேக்கம் என்ற பேச்சுக்கே இடமில்லை. இந்தத் திட்டத்தின் வெற்றிக்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?”

கைதட்டல் ஓய்ந்தபோது முட்டைக்காரரின் மனதில் ஒரு கணக்கு ஓடிற்று. இருநூறும் அவர் இழுத்தது. எதிராளியின் சரக்கில் ஓட்டை எங்கே என்று தெரிந்துவிட்டால், அதன் பிறகு விலை சொல்வது யார் கையில் என்பது அவருக்குத் தெரியும். பல வாரங்களுக்குப் பிறகு முதல் தடவையாக முதுகை நிமிர்த்திக்கொண்டு தலைவர் அறைக்குள் போனார்.

“ஐயா, ஒரு சின்ன விஷயம்.”

“சொல்லுங்க, சொல்லுங்க. உட்காருங்க.”

“அந்த இருநூறு வண்டியில ஒண்ணுகூட சொந்த ஓட்டத்துல வரல. நான் இழுத்தேன். பார்த்த சனம் ஆயிரம் பேரு. இதை நான் எழுதிக் கொடுத்தா உங்களுக்கு நல்லா இருக்காது. எனக்கு வேண்டியது ஒண்ணுதான். என் வண்டி செத்துப்போச்சுன்னு ஒரு நேரத்தைப் போட்டுக் கொடுங்க. கூப்பனை வாங்கிட்டு நான் என் வழியைப் பார்த்துட்டுப் போறேன்.”

தலைவர் முகம் மாறும் என்று எதிர்பார்த்தார். மாறியது. மலர்ந்தது. இழுப்பறையைத் திறந்து ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் எடுத்து அவர் பக்கம் தள்ளினார்.

“எழுதுங்க.”

முட்டைக்காரர் பேனாவைக் கையில் எடுத்தார்.

“தாராளமா எழுதுங்க. சொந்த ஓட்டத்துல வராத வண்டிக்கு ஊக்கத்தொகை கொடுத்தாச்சு. அப்ப அது அரசுக்கு நஷ்டம். இருநூறு, தலைக்கு எண்பதாயிரம். ஒரு கோடியே அறுபது லட்சம். நஷ்டத்தை யாருகிட்ட வசூல் பண்ணணும்னு விதியில தெளிவா இருக்கு. கோட்டைத் தாண்ட வெச்ச ஆள்கிட்ட.”

“அது வண்டியே இல்லைன்னு நீங்கதானே ஐயா சொன்னீங்க?”

“வண்டி இல்லதான். ஆனா நீங்க ஆள்தானே?”

முட்டைக்காரர் பேனாவை மெதுவாக, உருண்டு விழாமல், தாளின் மேல் வைத்தார்.

“ஐயா, ஒரு கோடியெல்லாம்…”

“பேரம் கிடையாதுன்னு தெரியுமே.” தலைவரின் குரல் இன்னும் மென்மையாயிற்று. “ஆனா நாங்களும் மனுசங்கதான். நீங்க எழுதாம இருந்தா நாங்க படிக்காம இருப்போம். திட்டம் முடியற வரைக்கும் இழுத்துக் கொடுங்க. முடிஞ்சதும் உங்க விஷயத்தைக் கனிவோட பரிசீலிக்கிறேன்.”

“திட்டம் எப்ப முடியுதுங்க?”

“முடியறதா இருந்துச்சு. இந்த மாச எண்ணிக்கையைப் பார்த்துட்டு நீட்டிச்சுட்டாங்க.”

அன்று மாலை வேலியருகில் அவர் எல்லாவற்றையும் மனைவியிடம் சொன்னார். அவள் திட்டவில்லை. அதுவே அவருக்குப் பயமாக இருந்தது.

“கடைசிப் பேக்கரியும் போச்சு” என்றாள். “வேன்காரன் நேத்தே போட்டுட்டான்.”

“ம்.”

“நம்ம கையில இப்ப ஒரு கடைகூட இல்ல.”

“ம்.”

அவள் திரும்பித் தெருமுனை வரை நீண்ட வரிசையைப் பார்த்தாள். கதவைத் திறந்து போட்டுக்கொண்டு, செய்தித்தாளால் விசிறிக்கொண்டு, குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருந்தார்கள். வண்டியை விட்டு நகர்ந்தால் வரிசை போய்விடும் என்று யாரும் எங்கும் போகவில்லை.

“ஏங்க, இவங்கெல்லாம் எப்பங்க சாப்பிடுறாங்க?”

“சாப்பிடுறதில்ல. காலையில வந்தா சாயங்காலம் வரைக்கும் இப்படித்தான்.”

மறுநாள் அவள் ஓர் அண்டாவும் அடுப்பும் உப்பும் மிளகுத்தூளுமாக வந்தாள். சந்தைக்குள் போக முடியாததால் வேன்காரனிடமே முட்டை வாங்கியிருந்தாள். அவன் சந்தை விலைக்கு மேல் வைத்து விற்றான், சிரித்துக்கொண்டே. வேகவைத்த முட்டையைத் தோலுரித்து, பொடி தூவி, வண்டி வண்டியாக நீட்டினாள். முதல் அண்டா மதியத்துக்குள் காலி. தலைவர் இறங்கி வந்து, ஆய்வுக்காக இரண்டு சாப்பிட்டுவிட்டு, வளாக வாசலில் விற்பதற்குக் கட்டணம் உண்டு என்று வாயைத் துடைத்துக்கொண்டே தெரிவித்தார். முட்டைக்காரர் தங்கள் வண்டி உள்ளே நிற்பதற்கும் வாடகை ஓடிக்கொண்டிருப்பதை அப்போதுதான் முதன்முறையாகக் கேள்விப்பட்டார்.

இப்போது அதுதான் அவர்கள் வாழ்க்கை. அவர் உள்ளே, அவள் வெளியே, நடுவில் வேலி. பொழுது சாயும்போது அவள் கம்பியோரம் குந்தி உட்கார்ந்து அன்றைய கணக்கைச் சொல்வாள். அவர் வண்டி மூடியில் சாய்ந்து நின்று கேட்பார். நேற்றும் அப்படித்தான் ஆரம்பித்தாள். பாதியில் சரிவின் அடியிலிருந்து ஒரு ஹாரன் இழுத்து இழுத்துக் கத்தி நின்றது. ஒரு சிவப்பு வண்டி, கோட்டுக்கு வெகு கீழே, புகை விட்டுச் செத்துக்கொண்டிருந்தது. வண்டிக்காரர் தலையில் அடித்துக்கொண்டு இறங்கினார். முட்டைக்காரர் எட்டிப் பார்த்தார். முன்பெல்லாம் அந்தக் காட்சியைக் கண்டதும் கயிற்றோடு ஓடுவார். நேற்று, உள்ளே எத்தனை தலை என்று எண்ணினார்.

“ஒரு வண்டிக்கு சராசரியா நாலு முட்டை ஓடுது” என்று அவள் கணக்கை விட்ட இடத்தில் பிடித்தாள். “மிச்சத்தையும் கேட்டுட்டுப் போய் இழுங்க.”

அவர் ஒரு கையில் கயிற்றை எடுத்துக்கொண்டு நின்று கேட்டார்.

முட்டை நூற்றெண்பது, ஒன்றுக்கு லாபம் நாலு வீதம், வரவு 720.
மையத்துக்குள் பழைய வண்டி நின்ற வாடகை, 250.
மையத்து வாசலில் விற்ற கட்டணம், 100.
காட்சியறையில் புது வண்டி நின்ற வாடகை, 150.
புது வண்டித் தவணையில் அன்றைய பங்கு, 300.
ஆகச் செலவு 800.
துண்டு விழுவது 80. அதாவது, இன்னும் ஐந்து வண்டி.